லைனில் இரைச்சல் கீது

பழுது பார்க்கிறவர்களை உங்களுக்குத் தெரியும். பழுதாக்குகிறவர்களையும் தெரியும், அவர்களில் ஒன்றிரண்டு பேர் உங்கள் வீட்டிலேயே சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில், ஒரு திருகாணியைக்கூடத் திருகாமல், கையில் கறைபடாமல், சட்டை மடிப்புக் கலையாமல் ஒரு மூன்றாவது இனம் நம் நாடு முழுக்கப் பரவிக் கிடக்கிறது. விளக்குகிற இனம். மின்விசிறி நின்றுவிட்டால் அது ஏன் நின்றது என்று இவர்கள் சொல்வார்கள். ஓடவைக்க மாட்டார்கள். அது இவர்கள் வேலை இல்லை.

பஸ் நடுவழியில் மக்கர் பண்ணும்போது முதலில் கீழே இறங்குகிறவர் யார் என்று கவனித்திருக்கிறீர்களா? டிரைவர் இல்லை, கண்டக்டரும் இல்லை. மூன்றாவது வரிசை ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தவர் இறங்குவார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இஞ்சின் பக்கம் போய், தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, நோயாளியின் நாடியைப் பிடித்துவிட்ட வைத்தியரைப்போல "ம்ம்" என்பார், பிறகு திரும்பி, இறங்கி நிற்கிற நாற்பது பேரையும் பார்த்து, "இதுல இன்னா மேட்டர்னா..." என்று ஆரம்பிப்பார். அவர் முடிப்பதற்குள் அடுத்த பஸ் வந்துவிடும். வந்தாலும் அவருக்குச் சந்தோஷம் கிடையாது. பாதியில் நின்றுபோன விளக்கம் அவருக்கு நெஞ்சில் மாட்டிய சோற்றுப் பருக்கை.

ஆயிரம் வருஷத்துக்கு முந்தியே ஏரியைக் காப்பதற்கு ஒரு வாரியம் போட்டு, அதைக் கல்லில் வெட்டியும் வைத்த ஊர் உத்திரமேரூர். அந்த வாரியத்துக்காரர்கள் முழங்கால் சேற்றில் நின்று மதகை அடைத்தபோது, கரைமேல் நின்றுகொண்டு மதகு ஏன் ஒழுகுகிறது என்று யாராவது ஒருவர் விளக்கியிருக்க மாட்டாரா என்ன? கல்வெட்டில் அவர் பேர் இல்லை. ஆனால் வம்சம் அற்றுப்போகவில்லை. இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு, ஆடி மாசத்தில், அந்த வம்சத்தின் விளக்கு பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் பிரகாசமாக எரிந்துகொண்டிருந்தது. அவர் பேர் கிருஷ்ணசாமி.

கிருஷ்ணசாமி பள்ளிக்கூடத்தில் லேப் அட்டெண்டராக முப்பத்தோரு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். பிப்பெட்டைக் கழுவி, பியூரெட்டைத் துடைத்து, அமிலப் பாட்டிலுக்கு மூடி போட்டுக்கொண்டே அவர் கேட்ட பௌதிகப் பாடங்களுக்கு அளவில்லை. பௌதிக வாத்தியார்கள் பதினோரு பேர் வந்தார்கள், போனார்கள். அவர் மட்டும் போகவில்லை. பன்னிரண்டாவது வாத்தியார் தனக்குப் பதவி உயர்வு கிடைத்துப் போன அன்று, "கிருஷ்ணசாமி, இனிமே நீங்களே எடுத்துடலாம்" என்று விளையாட்டாகச் சொல்லிவிட்டுப் போனார். அதை இவர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

சட்டைப் பையில் எப்போதும் ஒரு டெஸ்டர் இருக்கும். மஞ்சள் பிடி. அதை எந்தப் பிளக் பாயின்ட்டிலும் அவர் செருகி யாரும் பார்த்ததில்லை. பேசும்போது வெளியே எடுத்து, காற்றில் படம் போடுவதற்கு வைத்திருந்தார். ஊரில் எல்லாருக்கும் அவர் சாமிண்ணன்தான். ஒரே ஒரு ஆள்தான் அவரை "சார்" என்று கூப்பிட்டது. சந்துக்குள் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்த ஞானசுந்தரி. கிருஷ்ணசாமி காலையில் நாஷ்டா முடித்துக்கொண்டு நேரே அந்தக் கடைக்கு வந்து சேருவதற்கும், மத்தியானம் வரை நாற்காலியை விட்டு எழாததற்கும் காரணம் அந்த ஒரு வார்த்தைதான் என்பதை அவர் யாருக்கும் விளக்கியதில்லை.

கடையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரே அறை. இடது பக்கம் கண்ணாடிக் கூண்டு, உள்ளே டெலிபோன். வலது பக்கம் பிளைவுட் தடுப்பு, அதற்குப் பின்னால் போன தீபாவளிக்குப் புதிதாக வாங்கிப்போட்ட கம்ப்யூட்டர். கடைக்கு வருகிற டெலிபோன் கம்பி ஒன்றே ஒன்று. அது சுவருக்குப் பின்னால் இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை கூண்டுக்குள்ளும் ஒரு கிளை கம்ப்யூட்டருக்கும் போயிற்று. ஆக, ஒருத்தர் கூண்டுக்குள் பேசினால் கம்ப்யூட்டர் சும்மா கிடக்கும். கம்ப்யூட்டர் நெட்டில் இருந்தால் கூண்டு காலி, வாசலில் மூன்று பேர் எஸ்.டி.டி.க்குக் கால் மாற்றி நின்றுகொண்டிருப்பார்கள். இரண்டு கடை, ஒரு வாசல். இரண்டாவது லைனுக்கு ஞானசுந்தரி எழுதிக்கொடுத்து எட்டு மாசம் ஆகிறது. லைன் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைக் கிருஷ்ணசாமி எட்டு மாசமாக அருமையாக விளக்கிவருகிறார்.

"இதுல இன்னா மேட்டர்னா, ஃபோனுங்கறது பஸ்ஸை மொத்தமா வாடகைக்கு எடுக்கற மாதிரி. நீ வாயைத் தொறக்காம மூச்சு வுட்டுக்கினு இருந்தாலும் அந்தப் பஸ் உனக்குத்தான், மீட்டர் ஓடும். நெட்டுங்கறது ஷேர் ஆட்டோ. உன் பேச்சைத் துண்டு துண்டா நறுக்கி, துண்டுக்கு ஒரு ஆட்டோல ஏத்தி வுட்டுடுவான். ஒண்ணு செங்கல்பட்டு வழியா போவும், ஒண்ணு வந்தவாசி வழியா போவும். அங்க போய் எறங்கறச்சே வரிசையா நிக்க வெச்சுச் சேக்கணும். 'நல்லா'வுக்கு முன்னாடி 'கீறியா' போய்ச் சேந்துட்டா?"

"அய்யோ, அப்புறம் இன்னா ஆவும் சார்?" என்பாள் ஞானசுந்தரி.

"பேஜாருதான். இந்தப் பஸ்ஸையும் அந்த ஆட்டோவையும் ஒரே ரோட்டுல வுட்டுக்கினு கீறோம். பஸ்காரனுக்கு நிமிஷக் கணக்கு, ஆட்டோகாரனுக்கு மணிக் கணக்கு. ஆட்டோல மஸ்கட்டு போறவன் பஸ்ஸுக்கு ஏன் வருவான்? பஸ் ஓடலன்னா ரோட்டை எவன் போடுவான்? இத்தப் பெரிய பெரிய ஆளுங்களே உக்காந்து யோசிச்சிக்கினு கீறாங்க."

இதில் ஒரு வார்த்தையும் தப்பு கிடையாது. அதையும் சொல்லிவிட வேண்டும். கிருஷ்ணசாமியின் விளக்கங்கள் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அதுதான் பெரிய தொந்தரவு. தப்பாகச் சொல்கிறவனை வாயை மூடு என்று சொல்லலாம். சரியாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறவரை என்ன செய்வது?

இப்போது கண்ணகி வருகிறாள்.

கண்ணகி ஏரிக்குக் கீழே நடவுக்கும் களைக்கும் போகிறவள். ஊர்க்கோடிக் காலனியில் வீடு. புருஷன் வசந்த்குமார் மஸ்கட்டில் கம்பி கட்டுகிற வேலை. மகள் அபிநயா தவழ்ந்துகொண்டிருந்தபோது போனவன், இப்போது அவளுக்கு நாலு வயசு நடக்கிறது. அந்தக் குழந்தைக்கு அப்பன் என்றால் சுவரில் மாட்டியிருக்கும் ஒரு ஃபோட்டோ. தான் சாப்பிடும்போதெல்லாம் எட்டி அதன் வாயிலும் ஒரு கவளத்தை அப்பிவிடும். கண்ணகி தினமும் ஈரத்துணியால் புருஷன் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை அவனிடமிருந்து கடுதாசி வந்தது. வருகிற புதன்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கம்பெனியில் பேப்பர் நீட்டுவார்களாம். கையெழுத்துப் போட்டால் இன்னும் இரண்டு வருஷம் அங்கேயே. போடாவிட்டால் அடுத்த மாசம் டிக்கெட். 'நீ இன்னா சொல்ற? சாப்பாட்டு நேரத்துக்கு மெஸ் ஃபோன் கிட்டயே நிக்கிறேன். நீ ஒண்ணும் சொல்லலன்னா போட்டுடறேன்' என்று எழுதியிருந்தான். பதில் கடுதாசி போய்ச் சேரப் பத்து நாள் ஆகும். கையெழுத்துக்கு நாலு நாள்தான் இருந்தது.

கண்ணகி சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை. போடாதே. ஆனால் ஒரே வார்த்தையில் அடங்குகிற ஆளா வசந்த்குமார்? வந்து என்ன பண்றது என்பான், கூலி பத்தாது என்பான், இன்னும் ரெண்டு வருஷம் பல்லைக் கடிச்சிக்கோ என்பான். அவனை வழிக்குக் கொண்டுவரக் கால் மணியாவது வேண்டும். ஐ.எஸ்.டி.யில் ஒரு நிமிஷம் பேச அவளுக்கு ஒரு நாள் நடவுக் கூலி. அந்த ஒரு நிமிஷமும் 'நல்லா கீறியா, நல்லா கீறேன், மழை பேஞ்சிதா' என்பதிலேயே கரைந்துபோகும். போன வருஷம் அப்படித்தான் கரைந்தது. ஞானசுந்தரி கடையின் நெட் ஃபோனில் அதே கூலிக்கு எட்டு நிமிஷம் பேசலாம். தலையில் மாட்டிக்கொள்கிற மைக்கில் இங்கே பேசினால் அங்கே மெஸ் டெலிபோன் அடிக்கும். அவள் முந்தானையில் மூன்று நாள் கூலியை முடிந்துகொண்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முதல் முயற்சி. கம்ப்யூட்டரை டெலிபோன் கம்பியோடு சேர்க்கிற மோடம் கீச்சென்று கத்தி, கர்ரென்று உறுமி, டொய்ங் என்று அடங்கி, ஒருவழியாக நெட்டுக்குள் போயிற்று. ஞானசுந்தரி நெட் ஃபோன் கார்டின் நம்பரையும் மெஸ் நம்பரையும் அழுத்தினாள். மஸ்கட்டில் மணி அடித்தது. யாரோ எடுத்தார்கள். ஓடி வருகிற செருப்புச் சத்தம்கூடக் கேட்டது.

"அலோ... கண்ணகீ..."

அவ்வளவுதான். திரையில் எல்லாம் உறைந்துபோயிற்று.

அதே நேரம் கண்ணாடிக் கூண்டுக் கதவைத் திறந்துகொண்டு கிருஷ்ணசாமி வெளியே வந்தார். முகத்தில் ஒரு தீவிரம். "லைன்ல இரைச்சல் கீது," என்றார். "என் காதாலயே கேட்டேன்."

இங்கேதான் அவருடைய செய்முறையை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கடையில் யாராவது நெட்டுக்குப் போனால் கிருஷ்ணசாமிக்கு நாற்காலியில் இருப்புக்கொள்ளாது. அவர்கள் நல்லபடியாகப் பேச வேண்டுமே என்கிற அக்கறை. மனசார அக்கறை, அதில் கள்ளமே கிடையாது. கம்ப்யூட்டர் முன்னால் இருப்பவர்களுக்குக் கூண்டைத் தடுப்பு மறைத்துக்கொண்டிருக்கும்; இவர் மெல்ல எழுந்து கூண்டுக்குள் போய், வெளிச்சத்தம் வரக்கூடாது என்று கதவை ஒட்டச் சாத்தி, ரிசீவரை எடுத்துக் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு லைனைச் சோதிப்பார். காதில் கர்ர்ர்ரென்று ஆயிரம் வண்டு ஒன்றாகப் பறக்கிற சத்தம் கேட்கும். 'அதானே பாத்தேன்' என்று தலையாட்டிக்கொண்டு ரிசீவரை வைத்துவிட்டு, செய்தியைச் சொல்ல வெளியே வருவார். வரும்போது நெட் போயிருக்கும். இரைச்சல் இருக்கிற லைனில் நெட் நிற்குமா? நிற்காது. அவர் சொன்னது சரியாகவே இருக்கும். எப்போதும்போல.

ஞாயிற்றுக்கிழமை நாலு தடவை. திங்கட்கிழமை மூன்று தடவை. ஏழு தடவையும் 'கண்ணகீ' வரை வந்து அறுந்தது. ஏழு தடவையும் கிருஷ்ணசாமி காதாலேயே கேட்டார்.

செவ்வாய்க்கிழமை, அவர் சொன்னதன்பேரில் ஞானசுந்தரி புகார் கொடுத்து, லைன்மேன் கன்னியப்பன் சைக்கிளில் வந்து இறங்கினார். கம்பத்தில் ஏறினார், இறங்கினார், பெட்டியைத் திறந்தார், மூடினார், கூண்டுக்குள் வந்து ரிசீவரை எடுத்துக் கேட்டார். நெட் ஓடாத நேரம். லைன் துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

"லைன் பக்காவா கீது சாமிண்ணே."

"அதான் மேட்டரே!" என்றார் கிருஷ்ணசாமி, டெஸ்டரை உருவிக்கொண்டு. "நீ வந்தா நிக்குது, நீ போனா வருது. இதுக்கு இன்டர்மிட்டென்ட் ஃபால்ட்டுன்னு பேரு. மேலெழுந்தவாரியா பாத்தா ஆப்புடாது. இப்ப ஒருத்தனுக்குக் குளிர் ஜொரம் வருது, வெச்சுக்கோ..."

கன்னியப்பன் நல்ல மனுஷர். குளிர் ஜுரம் முடிந்து, சோடியம் தண்ணீரில் தீப்பிடிப்பது வரைக்கும் பொறுமையாக நின்று கேட்டார். பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்து, சந்து முனை திரும்பியதும் ஏறி மிதித்துவிட்டார்.

புதன்கிழமை வந்துவிட்டது.

கண்ணகி அன்றைக்குக் கூலிக்குப் போகவில்லை. அபிநயாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு, ஒன்றேகாலுக்கே வந்து பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துவிட்டாள். மஸ்கட்டுக்காரனுக்குச் சாப்பாட்டு நேரம் நம் கணக்குக்கு ஒன்றரையிலிருந்து இரண்டரை. இரண்டரைக்குப் பேப்பர் நீட்டுவார்கள். கடிகாரத்தையும் கம்ப்யூட்டரையும் மாறி மாறிப் பார்த்தாள். கிருஷ்ணசாமிக்கும் இருப்புக்கொள்ளவில்லை. இன்றைக்கு எப்படியாவது இந்தப் பொண்ணைப் பேசவைத்துவிட வேண்டும் என்று அவர் வேண்டிக்கொள்ளாத சாமியில்லை. அந்தப் பதைப்பில், கூண்டுக்குள் வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே போனார்.

ஒன்று முப்பத்தைந்து. அறுந்தது. ஒன்று ஐம்பது. அறுந்தது. இரண்டு மணிக்குப் போட்டபோது அங்கே டெலிபோனே அடிக்கவில்லை.

"நான் வோணும்னா ஐ.எஸ்.டி. போட்டுத் தரட்டா?" என்றாள் ஞானசுந்தரி, மனசு கேட்காமல்.

"ஒரு நிமிஷத்துல அவர் எங்க அடங்குவாருக்கா?" கண்ணகிக்குக் கண் கலங்கிவிட்டது. கிருஷ்ணசாமி பக்கம் திரும்பினாள். "ஏண்ணா இப்டி ஆவுது? பேச ஆரம்பிச்சா போய்டுதே. எனக்குப் புரியற மாதிரிச் சொல்லுங்கண்ணா."

புரியற மாதிரிச் சொல்லுங்கண்ணா! இப்படி ஒருத்தர் வாய்விட்டுக் கேட்டு எத்தனை நாள் ஆயிற்று! கிருஷ்ணசாமி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். வினாடி முள் ஓடிக்கொண்டிருந்தது. ஓடட்டுமே, அடிப்படை புரிய வேண்டாமா?

"நீ எங்கம்மா நடவுக்குப் போற?"

"ஏரிக்குக் கீய, கடைமடைண்ணா."

"ஆங். கடைமடைக்குத் தண்ணி ஓடி வந்துக்கினே கீது. திடீர்னு நிக்குது. ஏன் நிக்குது?"

"மேல எவனாச்சும் அவன் மடையைத் தொறந்திருப்பான்."

"கரெக்ட்டு! லைனும் ஒரு வாய்க்காதான். ஒரே வாய்க்கா. நீ கடைமடைல நின்னுக்கினு கீற. மேல எவனோ மடையைத் தொறக்கறான், உன் தண்ணி நிக்குது. அவ்ளோதான் மேட்டரு." டெஸ்டரால் காற்றில் ஒரு வாய்க்காலை வெட்டினார். "எவன் தொறக்கறான், எங்க தொறக்கறான், அத்தான் கண்டுபுடிக்கணும். இங்கேர்ந்து காஞ்சிபுரம் வரைக்கும் எத்தினி கம்பம், எத்தினி பெட்டி! எவன் கண்டான்?"

விளக்கத்தில் இதுவரை இப்படி ஒரு திருப்தி அவருக்கு வந்ததில்லை. அந்தப் பொண்ணின் முகத்தில் எதுவோ பளிச்சென்று எரிந்ததைக்கூடப் பார்த்தார். புரிஞ்சிடுச்சு இவளுக்கு! பன்னிரண்டு வாத்தியாரும் இங்கே இருந்திருக்க வேண்டும்.

இரண்டு பதினாலுக்கு ஞானசுந்தரி திரும்பவும் நெட் போட்டாள். கீச், கர், டொய்ங். மணி அடித்தது. இந்தத் தடவை கண்ணகி திரையைப் பார்க்கவில்லை. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, கழுத்தை நீட்டி, பிளைவுட் தடுப்புக்கு அந்தப்புறம் பார்த்தாள். தண்ணீர் நின்றால் கடைமடைக்காரி வயலையா பார்ப்பாள்? கரைமேல் ஏறி, மேல்மடையைத்தான் பார்ப்பாள்.

கிருஷ்ணசாமி எழுந்தார். கூண்டுக்குள் போனார். கதவை ஒட்டச் சாத்தினார்.

"கண்ணகீ, கையெழுத்து கேக்கறா..."

ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தார்.

திரை உறைந்தது.

கண்ணகி ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். நாலு எட்டில் கூண்டை அடைந்து கதவைத் திறந்தாள். உள்ளே கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தவர், "இரைச்சல் கீதும்மா" என்று ஆரம்பித்தார்.

"அண்ணா," என்றாள் கண்ணகி. "மேல மடையைத் தொறக்கறது நீதாண்ணா."

கிருஷ்ணசாமி தன் கையைப் பார்த்தார். கையில் ரிசீவர் இருந்தது.

"நான் டயல் பண்ணலியேம்மா," என்றார். "கேட்டேன். அவ்ளோதானே? காதுல வெச்சிக் கேக்கறதுல இன்னா..."

அந்த வாக்கியம் முடியவில்லை. முப்பத்தோரு வருஷ சர்வீசிலும், அதற்குப் பிந்தைய முழுநேர சேவையிலும், யாரும் குறுக்கிடாமல், கிருஷ்ணசாமி தானாகவே முடிக்காமல் விட்ட ஒரே வாக்கியம் அதுதான். காது மடல் இரண்டும் சிவந்துபோயின. ஞாயிற்றுக்கிழமை நாலு, திங்கட்கிழமை மூன்று, இன்றைக்கு மூன்று என்று மனசுக்குள் ஏதோ ஓடியது. வண்டு பறக்கிற மாதிரிக் கேட்டதே, அந்தச் சத்தம்? அது இந்தப் பொண்ணும் அவள் புருஷனும் போய்வந்துகொண்டிருந்த சத்தமா? அவருக்கு அப்படியே தரைக்குள் போய்விடலாம் போல் இருந்தது.

"அக்கா, இந்தக் கூண்டுக்கு சாவி கீதா?" என்றாள் கண்ணகி.

இருந்தது. அவரைக் கையைப் பிடித்து வெளியே அழைத்து வந்து, கூண்டைப் பூட்டி, சாவியைத் தன் முந்தானையில் கூலிக் காசோடு சேர்த்து முடிந்துகொண்டாள். மணி இரண்டு பதினேழு.

கீச். கர். டொய்ங். கிருஷ்ணசாமி இரண்டு கையையும் அக்குளுக்குள் செருகிக்கொண்டு, அதுவும் போதாது என்று ஒரு எட்டுத் தள்ளி, வாசற்படியில் போய் நின்றார்.

"கண்ணகீ! இன்னாடி ஆச்சு, கட்டாயிக்கினே கீது!"

"கையெழுத்துப் போட்டுடாத. வந்துடு."

பதில் இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று. அவள் பதறி "அலோ" என்றபோது, "நல்லா கீறியா?" என்று அவன் கேட்டது வந்து அதன்மேல் மோதியது. இருவரும் நிறுத்தினார்கள். இருவரும் ஒரே நேரத்தில் திரும்ப ஆரம்பித்தார்கள்.

"இந்த லேட்டு எதுனாலன்னா," என்று வாசற்படியிலிருந்து ஒரு குரல் வந்தது, "அந்த ஷேர் ஆட்டோல..."

"சார்!" என்றாள் ஞானசுந்தரி.

அந்த வார்த்தையை அவள் அந்தக் குரலில் சொல்லி அவர் கேட்டதில்லை. வாயை மூடிக்கொண்டார்.

கண்ணகிக்குச் சூட்சுமம் பிடிபட்டுவிட்டது. ஒன்று சொல்ல வேண்டும், பிறகு மூன்று எண்ண வேண்டும். "கையெழுத்துப் போடாத. வூட்டுக்கு வந்துடு." ஒன்று. இரண்டு. மூன்று.

"வந்து இன்னாடி பண்றது? அங்க இன்னா கூலி குடுப்பான்?"

"செங்கல்பட்டுப் பக்கம் எங்கப் பாத்தாலும் கட்டடம் கட்டிக்கினு கீறாங்க. கூலி கம்மிதான். கம்மியா துன்னலாம்." ஒன்று. இரண்டு. மூன்று.

"ரெண்டே ரெண்டு வருஷம் கண்ணகி. பல்லைக் கடிச்சிக்கினு..."

"இனிமே கடிக்க என்கிட்ட பல்லு இல்ல!" என்று கத்தினாள். அழுகை வந்துவிட்டது. "உன் போட்டோ வாய்ல தெனம் சோத்தைத் தொடைச்சிக்கினு கீறேன்யா நானு. இந்தா, நீயே சொல்லு அதுகிட்ட." ஹெட்ஃபோனைக் கழற்றிக் குழந்தை தலையில் மாட்டினாள். ஹெட்ஃபோன் பெரிதாக இருந்தது; ஒரு கையால் அதைக் குழந்தையின் காதோடு அமுக்கிப் பிடித்து, மறுபக்கத்தில் தன் காதையும் ஒட்டவைத்துக்கொண்டாள்.

அபிநயா திரையைப் பார்த்தது. மைக்கைப் பார்த்தது. அம்மாவைப் பார்த்தது. பிறகு, சுவரில் இருக்கிறவரிடம் தினமும் கேட்கிற கேள்வியையே கேட்டது.

"நைனா, துன்னியா?"

ஒன்று. இரண்டு. மூன்று.

நாலு. ஐந்து. ஆறு.

கண்ணகிக்குத் தூக்கிவாரிப் போட்டது. போய்விட்டதா? திரும்பவுமா? தடுப்புக்கு மேலே எக்கிக் கூண்டைப் பார்த்தாள். பூட்டு தொங்கியது. முந்தானையைத் தொட்டாள். சாவி இருந்தது. வாசற்படியைப் பார்த்தாள். கிருஷ்ணசாமி இரண்டு வெறும் கையையும் மேலே தூக்கி, அகல விரித்துக் காட்டினார். நான் இல்லைம்மா, சத்தியமா நான் இல்லை.

லைன் எங்கேயும் போகவில்லை. மஸ்கட்டில் ஒரு மெஸ் சுவரோரத்தில் நின்றுகொண்டு ஒரு ஆள் அழுதுகொண்டிருந்தான். அதற்கு மட்டும் ஆட்டோ, பஸ் எதுவும் தேவைப்படவில்லை.

"துன்னேண்டா கண்ணு," என்று கடைசியில் வந்தது. பிறகு, "உங்கம்மா கிட்ட சொல்லு. போடல. வந்துடறேன்."

மணி இரண்டு இருபத்தாறு.

போகும்போது கண்ணகி முந்தானையை அவிழ்த்து, சாவியைக் கிருஷ்ணசாமி கையிலேயே கொடுத்தாள். முகம் முழுக்கச் சிரிப்பும் கண்ணீருமாக இருந்தது. "நீ அந்த வாய்க்கா கதை சொல்லலன்னா எனக்குப் புரிஞ்சே இருக்காதுண்ணா," என்றாள். கேலிக்குச் சொன்னாளா, மனசாரச் சொன்னாளா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன். கிருஷ்ணசாமி அதில் ஒன்றை மட்டும் எடுத்து, பத்திரமாகச் சட்டைப் பையில் டெஸ்டருக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் முழுக்க அவர் பேசவில்லை. ஊரே பயந்துவிட்டது. திருந்திவிட்டார் என்று நீங்கள் நினைத்தால், இந்த இனத்தை உங்களுக்குத் தெரியாது.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, கடை வாசலில் நாலு பேரை நிற்கவைத்து, டெஸ்டரை உருவிக்கொண்டிருந்தார். "இதுல இன்னா மேட்டர்னா, நெட்டு ஓடிக்கினு கீறப்போ அதே லைன்ல இன்னொரு ரிசீவரை எடுக்கவே கூடாது. டயல் பண்ணாட்டிக்கூட. எடுத்தாலே போச்சு! சில பேரு கீறானுங்க, சொன்னா கேக்க மாட்டானுங்க. காதுல வெச்சிக் கேக்கறதுல இன்னா கெடுதல்னு நெனைக்கறானுங்க. எல்லாம் அரைகுறைங்க."

"யாரு சாமிண்ணே அப்டி எடுத்தது?" என்று கூட்டத்தில் ஒருத்தர் கேட்டார்.

"எத்தினியோ பேரு," என்றார் கிருஷ்ணசாமி பெருமூச்சோடு. "நான் அன்னைக்கே சொன்னேன்."

புரட்டாசியில் வசந்த்குமார் வந்து சேர்ந்தான். இரண்டாம் நாளே, பஸ் ஸ்டாண்டில் அவனைப் பிடித்து நிறுத்தி, மஸ்கட்டில் ஏன் அவ்வளவு வெயில் அடிக்கிறது என்று கிருஷ்ணசாமி விளக்கிக்கொண்டிருந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அபிநயா அப்பன் தோளில் உட்கார்ந்துகொண்டு, அவன் வாயில் முறுக்கைத் திணித்துக்கொண்டிருந்ததாம்.

நல்லது. சிரித்துவிட்டீர்கள். ஆனால் ஒன்று கேட்க வேண்டும். அவர் முதல் தடவை கூண்டுக்குள் போய் ரிசீவரை எடுத்தபோதே, 'அட, அதனாலதான் கட் ஆகுது' என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது, இல்லையா? தெரிந்ததும் என்ன செய்தீர்கள்? பக்கத்தில் இருந்தவரைக் கூப்பிட்டு, "இதுல என்ன விஷயம்னா, அந்தக் காலத்து மோடம் இருக்கே..." என்று ஆரம்பித்தீர்களா? உங்கள் வீட்டில் ஏதோ ஒன்று ரொம்ப நாளாக ஓடாமல் இருக்கிறதே, அது ஏன் என்றும் நீங்கள் எல்லாருக்கும் தெளிவாகச் சொல்லியிருப்பீர்களே? சரியாகத்தான் சொல்லியிருப்பீர்கள், எனக்குச் சந்தேகமே இல்லை. அடுத்த தடவை சொல்லும்போது மட்டும், ஆரம்பிப்பதற்கு முன்னால், கொஞ்சம் குனிந்து உங்கள் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.